புத்தகத்தில் இல்லாத பந்தி

பிப்ரவரி 3, திங்கள்

அதிசயம் நடந்துவிட்டது. முகநூலில் ஒரு வாசகர் குழு, ‘படமாகப் பார்க்க ஆசைப்படும் நாவல் எது?’ என்று வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. முதலிடத்தில் ‘அடைத்த கேட்’. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதேதான். முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு பதிப்பு வந்து, அதோடு காணாமல் போன நாவல் அது. பழைய புத்தகக் கடைகளில் கேட்டால்கூட உதட்டைப் பிதுக்குவார்கள். எழுதிய எஸ்தர் ஞானமணிக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ.

கீழே கருத்துகள் குவிந்து கிடக்கின்றன. ‘அந்தக் கல்யாணப் பந்தி சீனை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது’ என்கிறார் ஒருவர். ‘பந்தி சீனுக்காகவே படம் எடுக்கலாம்’ என்கிறார் இன்னொருவர். இவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. பாதிப்பேர் நான் டீக்கடையில் கதை சொல்லிக் கேட்டவர்கள். மீதிப்பேர் அவர்களிடம் கேட்டவர்கள். பதினோரு வருஷமாக உதவி இயக்குநராகக் குப்பை கொட்டிக்கொண்டு, ‘எடுத்தால் இந்த நாவலைத்தான் எடுப்பேன்’ என்று சொல்லிச் சொல்லியே சாலிகிராமத்தில் எனக்கு ‘கேட் பூமி’ என்று பெயர் விழுந்துவிட்டது. பூமிநாதன் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

அக்காவிடம் காட்டினேன். “ஓட்டுப் போட்டா படம் எடுத்துருவாகளா?” என்றாள். சங்கரேஸ்வரி அக்கா ஸ்கேன் சென்டர் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறாள். என் சாப்பாடு, செல்போன், வாடகை எல்லாம் அவள்தான். எனவே அவள் எதையும் கேட்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஓட்டுப் போட்டால் எடுத்துவிடுவார்கள் போலத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் விருத்தகிரியின் ஆபீஸிலிருந்து போன். திங்கட்கிழமை கதை சொல்ல வரச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் தொழிலில் யாரும் கதையைப் படிப்பதில்லை. கேட்பார்கள். ஐந்நூறு பக்கம் எழுதி பைண்டு செய்து கொண்டுபோனாலும், “அத ஓரமா வைங்க, சொல்லுங்க” என்பார்கள். மழையென்றால் மழைச் சத்தத்தையும் வாயாலேயே கொடுக்க வேண்டும். விருத்தகிரி சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். தூங்குகிறாரா கேட்கிறாரா என்று தெரியாது. விருத்தாசலம் பக்கத்திலிருந்து முந்திரி வியாபாரம் பார்த்து வந்தவர்.

ரயில்வே கேட்டில் ஆரம்பித்தேன். கேட் கீப்பர், அவர் மகள் பாக்கியம், ஒரு நாளும் நிற்காமல் போகும் ரயில்கள். ரயில் சத்தம் நன்றாகவே வந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. பந்தி சீனுக்கு வந்தேன்.

பாக்கியத்துக்குக் கல்யாணம். முகூர்த்தம் தாண்டிவிட்டது, மாப்பிள்ளை வீட்டு வேன் வரவில்லை. அப்பா மண்டபத்துக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் கரண்டியோடு வந்து நிற்கிறார். “இலை போடவா, வேண்டாமா?” மணவறையிலிருந்து பாக்கியம் எழுந்து வருகிறாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைக்கிறாள். “போடுங்கண்ணே. வந்தவுக பசியோட போகக் கூடாது.” கல்யாணப் பட்டோடு சாம்பார் வாளியைத் தூக்குகிறாள். ஒவ்வொரு இலையாகக் குனிந்து, “போதுமா?” என்று கேட்டுக்கொண்டே போகிறாள். ஊரே தலை நிமிராமல் சாப்பிடுகிறது. கடைசி இலையில் அவளுடைய சின்னத் தம்பி. அவன் மட்டும், “இன்னும் கொஞ்சம்” என்கிறான்.

விருத்தகிரி சார் கண்ணைத் திறந்தார். ஈரமாக இருந்தது. “யோவ், இதுக்குத்தான்யா படம். இது இல்லேன்னா எனக்கு வேணாம்” என்றார். பிறகு, அவர் ஆபீஸ் வழக்கப்படி, இலை போட்டுச் சாப்பாடு. யார் வந்தாலும் அங்கே இலைதான். தட்டில் போட்டுக் கொடுப்பது பிச்சை போடுவது மாதிரி என்பது அவர் கட்சி.

எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷம்! அழுகை வந்தது, அழுதேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாடி வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் அடுத்த தெருவில்தான். மொய்க் கவரை என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். “கூட்டம் எனக்கு ஒத்துக்காதுடா” என்றாள். வாரத்தில் ஆறு நாள் ஸ்கேன் சென்டர் கூட்டத்துக்கு நடுவில் டோக்கன் கொடுப்பவள் அவள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் இப்படித்தான். அவியல் நன்றாக இருந்தது. பீன்ஸ் மட்டும் வேகவில்லை.

பிப்ரவரி 22, சனி

திருச்சி போய்ப் பொன்மலையில் எஸ்தர் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா நிஜமாகவே கேட் கீப்பர். டீயும் முறுக்கும் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“தம்பி, பந்தி சீனு பந்தி சீனுன்னு யார் யாரோ எனக்கு போன் பண்றாங்க. அது என்ன சீனு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க எழுதுனதும்மா. மறந்துட்டீங்க. முப்பது வருஷம் ஆச்சுல்ல.”

“நான் எழுதலியே.”

“எழுதியிருக்கீங்கம்மா. பாக்கியம் வாளியத் தூக்குவாளே!”

எழுதியவரோடு அவர் புத்தகத்தைப் பற்றியே நான் சண்டை பிடித்தேன். என்னைப்போல ஒரு மடையன் உலகத்தில் உண்டா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து வந்து, பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். ஓர் அத்தியாயம் முடியும் இடம். கடைசி வரி இது: ‘அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.’

அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் மழை பெய்கிறது, பாக்கியம் கேட்டை மூடுகிறாள். சமையல்காரர் இல்லை, வாளி இல்லை, தம்பி இல்லை. பாக்கியத்துக்குத் தம்பியே கிடையாது. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். வேறு பதிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். “இது ஒண்ணுக்கே நாக்குத் தள்ளிப்போச்சு” என்றார்.

காலேஜ் படிக்கும்போது வாசித்த புத்தகம். என் பிரதியை யாரோ வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அதன்பிறகு நான் படிக்கவே இல்லை, சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

“அந்த வரிக்கு மேல எழுத எனக்குத் தெரியல தம்பி” என்றார் எஸ்தர் அம்மா. “கல்யாணம் நின்னுபோன வீட்ட நான் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்க. யாரது?”

“யாருமில்லம்மா. சும்மா கற்பனை.”

“கற்பனைன்னா பொண்ணு அழுவா, மயங்கி விழுவா. சமையல்காரரு கரண்டியோட வந்து இலை போடவான்னு கேக்க மாட்டாரு.” முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “அந்தப் பொண்ணு உயிரோட இருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்.”

புத்தகத்தை எனக்கே கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நன்றாக யோசித்துவிட்டேன். நாவலைப் படமாக்கும்போது எதையாவது சேர்ப்பதும் கழிப்பதும் உலக வழக்கம். ஒரு வரியை ஒரு காட்சியாக்கியிருக்கிறேன். அதற்குப் பெயர் திரைக்கதை. இதில் யாரிடம் என்ன கேட்பது?

விருத்தகிரி சாரிடம் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் எங்கே படிக்கப் போகிறார்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள், “எங்க சென்டர்ல ஸ்டெல்லா போன்ல காட்டுனா. ஒன் நாவலப் பத்தித்தான் எல்லாரும் எழுதியிருக்காகளாம். கல்யாணப் பொண்ணே பந்தி பரிமாறுவாளாம்ல?”

“ஆமா. நாவல்ல வரும்” என்றேன்.

அவள் தலையணை உறையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். “அந்தப் புக்கக் குடேன், படிச்சுப் பாக்குறேன்.”

“நீ என்னிக்குப் புக்கு படிச்ச? அது ஆபீஸ்ல இருக்கு.”

“பிரிட்ஜ் மேல இருக்கே, அது என்ன?”

ஒரு பொய்யாவது உருப்படியாகச் சொல்லத் தெரிகிறதா எனக்கு.

மார்ச் 5, புதன்

அக்கா ராசிபலனைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. புத்தகத்தை டிபன் பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

பாதி தாண்டிவிட்டாள். குழம்பு கொதிக்கும்போதுகூடக் கையில் புத்தகம். அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். “என்னடா எட்டிப் பாக்குற? வேணும்னா நீயும் படி” என்றாள்.

மார்ச் 12, புதன்

அந்த வரியைத் தாண்டிவிட்டாள். அடையாளத்துக்கு வைத்திருக்கும் பஸ் டிக்கெட் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. இரவு தோசைக்கு என்ன சட்னி என்று கேட்டாள்.

மார்ச் 15, சனி

அக்காவுக்கு இன்று லீவு. தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் பக்கத்தில் மூடிக் கிடந்தது.

“முடிச்சுட்டேன்.”

“எப்படியிருக்கு?”

“நல்லாத்தான் எழுதியிருக்காக. ஒவ்வொரு ரயிலுக்கும் அந்தப் பொண்ணு கேட்ட மூடிட்டு நிக்கிறது நல்லாருக்கு. பந்தியத்தான் காணோம்.”

நான் செல்போனை எடுத்தேன், வைத்தேன்.

“ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. எனக்கு ஒருக்காச் சொல்லு தம்பி.”

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? அருப்புக்கோட்டையில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. வேன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தார், அவர் பின்னாலேயே அம்மாவும் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. நானும் அக்காவும்கூடப் பேசியதில்லை. பேசாமல் கிடந்தது எப்போது அந்த நாவலுக்குள் போய் உட்கார்ந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை.

சொன்னேன். நூறு தடவை சொன்ன சீன். அப்படியும் சமையல்காரரை விட்டுவிட்டு, திரும்பிப் போய்ச் சேர்த்தேன். அக்கா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும் சொன்னாள்:

“தப்பாச் சொல்ற.”

“எது?”

“வந்தவுக பசியோட போகக் கூடாதுன்னெல்லாம் நான் சொல்லல. அம்புட்டுப் பெரிய மனசெல்லாம் எனக்கு இல்ல. எல்லாப் பொம்பளையும் எந்திரிச்சு என்னப் பாத்து வர ஆரம்பிச்சாக. ஒவ்வொருத்தியும் கையப் பிடிச்சுக்கிட்டு அழுவா. கையில வாளி இருந்தா எவளும் கையப் பிடிக்க முடியாதுல்ல? அதுக்குத்தான் தூக்குனேன்.”

நான் தரையில் கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கினேன்.

“அப்புறம், மூணாவது வரிசைய முழுசாக் காலியா விடச் சொன்னேன். அது ஒனக்குத் தெரியாது. இலை போட்டுத் தண்ணி தெளிச்சு வச்சிருந்துச்சு. அவுக வந்துட்டா எங்க உக்காருவாக? பரிமாறிக்கிட்டே வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.” ஒரு பல் பூண்டைத் தோலோடு கிண்ணத்தில் போட்டாள். “நீயும் இன்னும் கொஞ்சம்னு கேக்கல. நீ உக்காரவே இல்ல. என் சேலத் தலப்பப் பிடிச்சுக்கிட்டுப் பந்தி முழுக்கப் பின்னாலயே வந்த.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. 

“இதப் படத்துலருந்து எடுத்துரு தம்பி.”

“படமே அதுதான்க்கா.”

“அன்னிக்கு வந்து சாப்புட்டுப் போனவுக எத்தன வருசம் அதையே பேசுனாக. அது தாங்காமத்தான ஊரையே விட்டு வந்தோம்? இப்ப ஊரு பூராவும் டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது வாதாடியிருப்பேன். “எடுத்துடறேன்க்கா. அம்மா மேல சத்தியம்” என்றேன். அவள் சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

புது சீன் எழுதிவிட்டேன். கேட் அடைத்திருக்கிறது. மாப்பிள்ளை வேன் அந்தப் பக்கம் நிற்கிறது. ரயில் போகிறது. கேட் திறக்கிறது. வேன் வந்த வழியே திரும்பிப் போகிறது. பாக்கியம் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கல்யாணமும் நடக்கவில்லை, புத்தகத்துக்கும் துரோகமில்லை. நான் கெட்டிக்காரன்தான்.

விருத்தகிரி சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, “அந்தப் பந்தி எங்கய்யா?” என்றார். புத்தகத்தில் இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். “இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நான் காதால கேட்டேன்ல?” என்றார். கடைசியில், “ஹீரோயின் சாருலேகா மேடம் கிட்ட உன் புது சீனையே சொல்லு. அந்தப் பொண்ணு சரின்னா பண்ணுவோம். இல்லாட்டி பந்தி. அதுவும் இல்லாட்டி நமஸ்காரம்” என்று கும்பிட்டுவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

சாருலேகாவுக்குக் கதை சொன்னேன். விருத்தகிரி சாரும் வந்திருந்தார். அவர் ஒரு சோபாவில், மேடம் எதிரில், கையில் செல்போன். நான் சொல்லச் சொல்ல மேடத்தின் கட்டைவிரல் திரையில் மேலே போய்க்கொண்டே இருந்தது. ரயில் சத்தத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து சிரித்தார். வேன் திரும்பிப் போகும் சீனைச் சொன்னேன். என் உயிரைக் கொடுத்துச் சொன்னேன்.

“ம்” என்றார், விரல் நிற்காமல். விருத்தகிரி சார் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மேடம், இதுக்கு இன்னொரு வெர்ஷன் இருக்கு” என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

வாய் தானாகப் போனது. சமையல்காரர் வந்தார், இலை விழுந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாதது மட்டுமில்லை, பழைய சீனைச் சொல்லவில்லை, அக்கா திருத்தியதைச் சொன்னேன். காலியாக விட்ட மூன்றாவது வரிசையைச் சொன்னேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்த பையனைச் சொன்னேன். ‘கையில் வாளி இருந்தால் யாரும் கையைப் பிடித்துக்கொண்டு அழ முடியாதில்லையா’ என்ற வசனத்தைச் சொன்னேன். சொல்லும்போது, இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறைத்து என்ன, அதைத்தான் நினைத்தேன்.

மேடம் போனைக் குப்புற வைத்தார்.

“இந்த டயலாக் நீங்க எழுதினதா?”

“ஆமா மேடம்.”

மார்ச் 28, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்ததை எழுதவில்லை. அக்கா லீவு போட்டுவிட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் முகம் தொங்கிப்போய் வருவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

“அதச் சொல்லலதான?”

“சொல்லல.”

“படம்?”

“ஓகே ஆயிருச்சு.”

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்குத் தகுதியில்லை. “நெசமாவா? அது இல்லாமலேயா? பாத்தியா, நான்கூட ஒன் பொழப்பக் கெடுத்துட்டேனோன்னு பத்து நாளாத் தூங்கலடா” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

படம் வெளிவர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதற்குள் பக்குவமாக ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம். தவிர, அவள் தியேட்டருக்குப் போவதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

எஸ்தர் அம்மாவிடமிருந்து போன். “அந்தப் பொண்ணக் கேட்டீங்களா தம்பி?”

“கேட்டுட்டேம்மா. சரின்னுட்டாங்க.”

“சந்தோஷம். அவங்களுக்கும் ஒரு நன்றி போட்டுருங்க, டைட்டில்ல.”

புதன்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்புகிறாராம். கேட்டேன் என்பது பொய்யில்லை. கேட்டேன். பதில்தான் வேறு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பட அறிவிப்பு வந்துவிட்டது. அந்த வாசகர் குழுவில் ஒரே திருவிழா. ‘நாம் ஓட்டுப் போட்டது வீண் போகவில்லை’, ‘பந்தி சீனுக்குக் காத்திருக்கிறோம்’. அக்காவின் கண்ணில் படுவதற்குள் அவள் போனை வாங்கி, சார்ஜ் போடுகிறேன் என்று உள்ளே கொண்டுபோய் வைத்தேன். எத்தனை நாளைக்குச் சார்ஜ் போட முடியும்?

ஜூன் 5 பூஜை. அக்கா தானாகவே சொன்னாள், “நானும் வர்றேன்.”

“கூட்டம் ஒனக்கு ஒத்துக்காதேக்கா.”

“கல்யாணமா என்ன? ஒன் படத்துப் பூஜைதான. அதெல்லாம் ஒத்துக்கும்.”

மாலையில் அவளே கடைக்குப் போய்ப் பச்சையில் மாம்பழக் கரை போட்ட பட்டுச் சேலை ஒன்று வாங்கி வந்தாள். எனக்குத் தெரிந்து, அன்றைக்குப் பிறகு அவள் பட்டு உடுத்தியதில்லை. தோளில் போட்டுக் காட்டி, “நல்லாருக்கா?” என்றாள். நல்லாருக்கு என்றேன்.

மே 19, திங்கள்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் இல்லை. லொகேஷன் பார்க்கப் போனதில் களைப்பு.

ஜூன் 5, வியாழன்

பூஜை நன்றாக நடந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கிளாப் அடித்தார்கள். எஸ்தர் அம்மாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பச்சைப் பட்டு, தலையில் இரண்டு முழம் மல்லிகை. என்னை மேடையில் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், “என் தம்பிதான்” என்று சொன்னது வாயசைவிலேயே தெரிந்தது.

பூஜை முடிந்ததும் விருத்தகிரி சார் வழக்கப்படி பந்தல் போட்டு இலைச் சாப்பாடு. நூறு பேருக்கு மேல். அக்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் அவளை அழைத்துப்போய்க் காரில் ஏற்றிவிட நினைத்தேன். அதற்குள் சாருலேகா மேடம் எங்களைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார்.

“இவங்க உங்க அக்காவா?” என்று அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நல்ல பெண்தான். மனசில் கள்ளம் கிடையாது. “அக்கா, உங்க தம்பி எவ்ளோ பெரிய ரைட்டர் தெரியுமா? அந்தக் கல்யாணப் பொண்ணு சொல்லுவா பாருங்க, கையில வாளி இருந்தா யாரும் கையப் பிடிச்சுக்கிட்டு அழ முடியாதுல்லன்னு... அந்த ஒரு டயலாக்குக்காகத்தான் நான் இந்தப் படமே பண்றேன். மூணாவது வரிசையைக் காலியா விடுவா பாருங்க, அய்யோ! அன்னிக்கு நைட் பூரா எனக்குத் தூக்கமே இல்ல.”

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். “அப்புடியா?” என்றாள்.

என் பக்கம் திரும்பவில்லை. மேடத்தை யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், கையை விட்டுவிட்டுப் போனார். “அக்கா” என்றேன். அவள் நடக்க ஆரம்பித்தாள். வாசல் பக்கம் போகிறாள் என்று நினைத்தேன். பின்னால் போனேன். ஆனால் அவள் பந்தலுக்குள் போனாள். முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பரிமாறுகிறவரிடம் ஏதோ சொல்லி, சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“பூமி, உக்காருய்யா! டைரக்டர் உக்காராம யாரு உக்காருவா?” என்று விருத்தகிரி சார் என் தோளைப் பிடித்து அழுத்தி ஓர் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டார். “யாருய்யா அது, உங்கக்காவா? வீட்டு விசேஷம் மாதிரி எடுத்துச் செய்றாங்க பாரு. இதான்யா மனுஷத்தன்மை” என்றார்.

அவள் வரிசையாக வந்தாள். ஒவ்வோர் இலைக்கும் குனிந்தாள். லைட்மேன்களுக்கும் டிரைவர்களுக்கும், “போதுமா சார்? இன்னும் கொஞ்சம் ஊத்தவா சார்?” என்று கேட்டாள். எல்லோரும் போதும்மா, போதும்மா என்றார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இலையில் சோறு ஆவி பறந்தது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும், அல்லது எழுந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்க வேண்டும். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கினார்.

என் இலைக்கு வந்தாள். குனிந்தாள். மல்லிகையும் சாம்பாரும் சேர்ந்து மணத்தன. ஊற்றினாள்.

“போதுமா சார்?”

“அக்கா” என்று கையை நீட்டினேன். அவள் கையில் வாளி இருந்தது.